இடது கணுக்கால்

அந்த விதிக்கு முதலில் கை தூக்கியவன் நான். இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும்.

பதின்மூன்று வயதுக்கு உட்பட்ட பெண்பிள்ளைகளுக்கான வாலிபால் போட்டி அது. எட்டு அணிகளின் பயிற்சியாளர்களும் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில், எங்கள் உடம்புக்குக் கொஞ்சமும் பொருந்தாத சின்ன பெஞ்சுகளில் உட்கார்ந்து பேசினோம். பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொரு பிள்ளையும் ஆட்டத்துக்கு ஒரு செட்டாவது முழுதாக ஆட வேண்டும். காயம், உடம்பு சரியில்லை என்றால் மட்டும் விலக்கு. விலக்கை அந்த செட் தொடங்குவதற்கு முன் எழுதிக் கொடுக்க வேண்டும். பொய் என்று தெரிந்தால் ஆட்டம் எதிரணிக்குப் போகும். இதுதான் விதி. இரண்டு பேர் முணுமுணுத்தார்கள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "பிள்ளைங்க என்ன, பெஞ்சைத் தேய்க்கவா வர்றாங்க?" என்று மேசையைத் தட்டினேன். அது கூட்டக் குறிப்பில் இன்றைக்கும் இருக்கிறது. ஊருக்கு உபதேசம் செய்வதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது.

என் பிழைப்பு லிஃப்ட் பழுது பார்ப்பது. மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் பிள்ளைகளுக்குப் பயிற்சி. எங்கள் பகுதிப் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு சிமென்ட் தரை, நடுவில் இரண்டு இரும்புக் கம்பங்கள், நாலைந்து இடத்தில் முடிச்சுப் போட்ட வலை. என் மனைவி அந்தப் பள்ளியின் நூலகத்தில் வேலை பார்த்தாள். ஸ்கோர் புத்தகம் அவள் பொறுப்பு. அச்சடித்த மாதிரி எழுதுவாள். நாக்கும் அதே அளவுக்குக் கூர்மை.

அணியில் ஒன்பது பேர். அதில் ஒருத்திக்கு "நிதானம்" என்று பெயர் வைத்தது எங்கள் அடித்து ஆடும் பெண். அவளை எல்லோரும் "பட்டாசு" என்பார்கள். நிதானத்தின் மேல் அவளுக்குக் கோபமெல்லாம் இல்லை. உள்ளதைச் சொன்னாள், அவ்வளவுதான். பந்து விழுந்த பிறகு நிதானம் அந்த இடத்துக்குப் போவாள், அதைக் கொஞ்சம் பார்ப்பாள், எடுத்து வருவாள். ஓடச் சொன்னால் ஓடுவாள். ஆனால் ஓட்டம் அவளிடம் வந்து சேர நேரம் எடுக்கும்.

ஆனால் சர்வீஸ் மட்டும் வேறு கதை. கோட்டுக்கு வெளியே நின்று, இடது காலை முன்னால் வைத்து, பந்தை இரண்டு தரம் தரையில் தட்டி, ஒரு மூச்சு விட்டு, கீழ்க்கையால் அடிப்பாள். வலையைத் தாண்டி நான் சுண்ணாம்பால் போட்ட வட்டத்துக்குள் போய் விழும். பயிற்சி முடிவில் ஆளுக்குப் பத்து சர்வீஸ். பட்டாசுக்கு ஆறு விழும், ஏழு விழும். இவளுக்குப் பத்தும் விழும். சிக்கல் என்னவென்றால், போன பந்து திரும்பி வரும். சர்வீஸ் போட்டதோடு ஆட்டம் முடிந்துவிடுவதாக இருந்தால் அவளை ஜெயிக்க ஆளே இருந்திருக்காது.

அவளுடைய அப்பா நகரப் பேருந்து ஓட்டுகிறவர். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அவருக்கு டூட்டி விழும். வார நாட்களில் அவர் வண்டி எங்கள் மைதானத்தை ஒட்டிய சாலையில்தான் போகும். வேலியைத் தாண்டும்போது இரண்டு தரம் ஹார்ன் அடிப்பார். நிதானம் கையைத் தூக்குவாள். வண்டி வளைவில் மறையும். அவ்வளவுதான் அவர் பார்த்த வாலிபால். ஒரே ஒரு ஆட்டம், மகள் ஆடுகிற ஒரே ஒரு முழு ஆட்டம் பார்க்க வேண்டும் என்பது அவர் ஆசை. அதை அவள்தான் என்னிடம் சொன்னாள், வலையைச் சுருட்டிக்கொண்டிருக்கும்போது. "அப்பா ஒரு நாள் வருவார் மாஸ்டர். லீவு கிடைச்சா வருவார்."

முதல் மூன்று ஆட்டங்களில் நான் விதிப்படி நடந்தேன். அவள் ஆடிய செட் ஒவ்வொன்றும் போனது. வாலிபாலில் ஆளை ஒளித்து வைக்க முடியாது. சுற்றிச் சுற்றி எல்லோரும் எல்லா இடத்துக்கும் வந்தே ஆக வேண்டும். அவள் நிற்கும் மூலையைக் கண்டுபிடிக்க எதிரணிக்கு இரண்டு நிமிடம் போதும். பிறகு பந்தெல்லாம் அங்கேதான். அப்படியும் இரண்டு ஆட்டம் ஜெயித்தோம். நான்காவதில் தோற்றால் அரையிறுதி கிடையாது.

அன்று காலை அவளை வலை வைக்கும் அறைக்குக் கூப்பிட்டேன்.

"இங்க பாரும்மா. லிஃப்ட்ல எடை கூடிப்போச்சுன்னா மணி அடிக்கும். கதவு மூடாது. யாராவது ஒருத்தர் இறங்கினாத்தான் மத்தவங்க மேல போக முடியும். கடைசியா ஏறினவங்க இறங்கிடுவாங்க. அவங்க மேல தப்பு ஒண்ணும் இல்ல. புரியுதா?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "நான் கடைசியா ஏறல மாஸ்டர். நான்தானே மொதல்ல வந்தேன்."

உண்மை. அணி தொடங்கிய முதல் வாரம் மூன்று பேர்தான் வந்தார்கள். முதல் நாள், நான் கம்பத்தை நடுவதற்கு முன்பே வந்து நின்றவள் அவள். கம்பத்தைப் பிடித்துக்கொண்டதும் அவள்தான். நான் அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"இந்த ஒரு ஆட்டம் மட்டும்தாம்மா," என்றேன்.

"நான் என்ன சொல்லணும்?"

"கால் பிசகிடுச்சுன்னு சொல்லணும்."

தலையாட்டினாள். என் மனைவி விலக்குப் படிவத்தை எடுத்து வைத்து, காயத்தின் விவரம் என்ற இடத்துக்கு வந்ததும் பேனாவை நிறுத்தினாள். "எந்தக் கால்?"

அந்தப் பெண் குனிந்து தன் இரண்டு கால்களையும் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"இடது," என்றேன்.

"இடது கணுக்கால், லேசான பிசகு" என்று அச்சடித்த மாதிரி எழுதப்பட்டது. நடுவர் பார்ப்பாரே என்று கட்டும் போட்டோம். ஜெயித்தோம். வீட்டுக்கு வந்ததும் மனைவி பையை நாற்காலியில் வீசினாள்.

"முழுப் பூசணிக்காயை சோத்துல மறைக்கிறீங்க. அதுவும் என் கையெழுத்துல."

"ஒரே ஒரு ஆட்டம்."

"ஆமா, எல்லாம் ஒண்ணுலதான் ஆரம்பிக்கும்."

அரையிறுதிக்கு நான் ஒன்றும் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. நிதானம் கட்டைத் தன் கையாலேயே போட்டுக்கொண்டு வந்திருந்தாள். என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டாள்: "அதே கால்தானே மாஸ்டர்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எள் என்றால் எண்ணெயாக நிற்கிறாளே என்று தோன்றியது. "கெட்டிக்காரி," என்று தலையில் தட்டினேன். அவள் முகம் மலர்ந்து போயிற்று. இரண்டு வருடத்தில் அந்தப் பிள்ளையை நான் கெட்டிக்காரி என்று சொன்னது அதுதான் முதல் தடவை. பத்துக்குப் பத்து சர்வீஸ் போட்டபோது சொல்லவில்லை. நொண்டியபோது சொன்னேன்.

அந்த அரையிறுதியையும் ஜெயித்தோம். குற்ற உணர்ச்சி என்று பெரிய பெயர் வைக்க மாட்டேன். மனதில் ஒரு முள் இருந்தது. அதைப் பிடுங்க வேண்டும் என்று அவளைக் கூப்பிட்டு, "ஃபைனல்ல ரெண்டாவது செட் உனக்குத்தான். முழு செட்," என்று வாக்குக் கொடுத்தேன். அடுத்த மாதம் அவளுக்குப் பதின்மூன்று முடிகிறது. அதற்கு மேல் பெரியவர்கள் பிரிவு. அங்கே ஓட விட்டுப் பார்த்துத்தான் ஆள் எடுப்பார்கள். அவளை எடுக்க மாட்டார்கள் என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். இதுதான் அவளுக்குக் கடைசி ஆட்டம்.

அன்றைக்கே அப்பாவிடம் சொல்லியிருக்கிறாள். அவர் மூன்று பேரிடம் கெஞ்சி, தன்னுடைய இரண்டு ஓய்வு நாட்களை விட்டுக்கொடுத்து, அந்த ஞாயிறு பகல் டூட்டியை மாற்றிக்கொண்டார்.

இறுதியாட்டத்துக்கு முதல் ஆளாக வந்து நின்றவர் அவர்தான். நாலு மணி டூட்டிக்கு நேரே போக வேண்டும் என்று சீருடையிலேயே வந்திருந்தார். மகளைப் போலவே அகலமான நெற்றி, அவசரம் இல்லாத கை கால்கள்.

"வணக்கம் மாஸ்டர். ரெண்டாவது செட்டுன்னு சொன்னா. எந்தப் பக்கம் உக்காந்தா நல்லாத் தெரியும்?"

"அந்தத் தூண் பக்கத்துல உக்காருங்க சார். சர்வீஸ் போடுற இடம் நேராத் தெரியும்."

நானே இடம் காட்டினேன். அதை மறக்க முடியவில்லை. அவர் அந்த இடத்தைக் கைக்குட்டையால் தட்டிவிட்டு உட்கார்ந்தார்.

முதல் செட்டில் மற்ற இரண்டு மாற்று ஆட்டக்காரிகளையும் ஆட வைத்துக் கணக்கைத் தீர்த்துவிட்டேன். இருபத்து மூன்றுக்கு இருபத்தைந்து, செட் போனது. இரண்டாவதும் போனால் கோப்பை போயிற்று. பட்டாசு தண்ணீர் பாட்டிலைத் தரையில் அடித்தாள். பெற்றோர்கள் பக்கமிருந்து யாரோ, "இப்ப அந்தப் பொண்ணையா இறக்கப் போறாரு?" என்று கேட்டது என் காதில் விழுந்தது. மூன்று நிமிட இடைவேளை.

நிதானம் மேல்சட்டையைக் கழற்றி, மடித்து பெஞ்சில் வைத்தாள். முழங்கால் உறையை இழுத்துவிட்டுக்கொண்டாள். என் முன்னால் வந்து நின்றாள். நான் ஸ்கோர் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். எவ்வளவு நேரம் பார்த்தாள் என்று தெரியாது. பிறகு கேட்டாள்:

"எந்தக் கால் மாஸ்டர்?"

குத்திக்காட்டவில்லை. அழவில்லை. எந்தப் பக்கம் நிற்கட்டும் என்று கேட்பது போலத்தான் கேட்டாள். "ரெண்டு காலும் நல்லாத்தான் இருக்கு, போ, ஆடு" என்று சொல்ல எனக்கு நேரம் இருந்தது. மூன்று நிமிடத்தில் இன்னும் ஒன்றரை நிமிடம் மிச்சம் இருந்தது. என் மனைவி பேனாவோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இடது," என்றேன்.

அவள் ஓரமாக உருண்டுகொண்டிருந்த ஒரு பந்தை எடுக்கப் போகிறவள் போல ஓடினாள். கோட்டுக்குப் பக்கத்தில் கால் மடங்கி விழுந்தாள். அதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை. அப்பா பார்க்கிறார், அவருக்கும் ஒரு காரணம் வேண்டுமே என்று அந்தப் பன்னிரண்டு வயதுத் தலை அதற்குள் யோசித்திருக்கிறது.

தூண் பக்கத்திலிருந்து அவர் ஓடி வந்தார். நடுவரைக்கூடக் கேட்கவில்லை. மண்டியிட்டு உட்கார்ந்து, அவள் காலை எடுத்துத் தன் தொடை மேல் வைத்து, ஷூவின் முடிச்சை அவிழ்த்தார். "எங்கம்மா? இங்கயா? இங்கயா?" என்று கட்டைவிரலால் பட்டும் படாமலும் அழுத்தினார். அவள் "ஆ" என்றாள். கொஞ்சம் தாமதமாகத்தான் சொன்னாள். அதிலும் நிதானம்.

"என்னாச்சு மாஸ்டர்?"

"லேசான பிசகுதான் சார். பயப்பட ஒண்ணும் இல்ல," என்றேன். குரல் நடுங்கவில்லை. படிவத்தில் என் மனைவி எழுதினாள். பேனா முனை தாளைக் கிழித்துவிட்டது. நான் அவசரமாகச் சுற்றிய கட்டை நடுவர் பார்த்தார், பாவம் என்றார், கையெழுத்துப் போட்டார்.

இரண்டாவது செட் இருபத்தைந்துக்குப் பத்தொன்பது. மூன்றாவது பதினான்குக்குப் பதினான்கு வரை வந்தது. அப்போது பட்டாசின் சர்வீஸ். பந்து வலையின் மேல் விளிம்பில் பட்டு, யோசித்து, அந்தப் பக்கம் விழுந்தது. அடுத்ததையும் எடுத்தோம். ஜெயித்தோம். ஆனால் அந்தக் கடைசிப் பத்து நிமிடத்தில் நான் இன்னொன்றையும் பார்த்தேன். எங்கள் அணி சர்வீஸ் போடும்போதெல்லாம் பெஞ்சில் உட்கார்ந்திருந்த அந்தப் பெண்ணின் வலது கை மடியிலிருந்து ஒரு விரற்கடை எழும்பி அமர்ந்தது. பக்கத்தில் அவளுடைய அப்பா, அவளுடைய ஒற்றை ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆட்டத்தை அவர் பார்க்கவில்லை. காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

கோப்பையோடு படம் எடுக்க எல்லோரையும் வரிசையில் நிறுத்தினேன். எட்டுப் பேர்தான் இருந்தார்கள். திரும்பிப் பார்த்தபோது அவர் அவளை முதுகில் சுமந்துகொண்டு வாசலைத் தாண்டிக்கொண்டிருந்தார். நாலு மணி வண்டியை வேறு யாரோ எடுத்தார்கள் போல. அவள் தலையைத் திருப்பி எங்களைப் பார்த்தாள், கோப்பை எங்கே என்று தேடி, கண்டுபிடித்து, கையைத் தூக்கினாள். ஹார்ன் அடிக்கும்போது தூக்குவாளே, அதே மாதிரி.

வியாழக்கிழமை மாலை அவர் மைதானத்துக்கு வந்தார். அணியின் சட்டையைத் துவைத்து, இஸ்திரி போட்டு, காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார்.

"இது வேண்டாம் மாஸ்டர். இனிமே அவ வரமாட்டா."

"கால் எப்படி இருக்கு சார்?"

அவர் சாலையைப் பார்த்தார். "அன்னிக்கே எக்ஸ்ரே எடுத்தாங்க. ஒண்ணுமே இல்லைன்னுட்டாரு டாக்டர். வீக்கம்கூட இல்ல. அழுத்துற இடத்தை மாத்தி மாத்தி அழுத்துனாரு, இவ வேற இடத்துக்கு ஆன்னா. நான் வந்து பாக்குறேன்னதும் பயந்துட்டா மாஸ்டர். பயந்துட்டு நடிச்சிருக்கா. பயமா இருக்குன்னு என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல? நான் என்ன அடிக்கவா போறேன்? அவ்வளவு பேர் முன்னாடி அவளைத் தூக்கிட்டு ஓடினேன். ஏன் பொய் சொன்னேன்னு கேட்டா வாயே திறக்கல. நாலு நாளா நான் அவகூடப் பேசல."

நான் கையில் இருந்த விசிலைத் திருகிக்கொண்டிருந்தேன்.

"உங்களையும் ஏமாத்திட்டா," என்றார் அவர். "கடைசி நேரத்துல உங்களுக்கும் கஷ்டம். அவளுக்காக நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன் மாஸ்டர்."

அப்போது நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை. "பரவாயில்ல சார். சின்னப் பொண்ணுதானே."

அவர் தலை குனிந்து கும்பிட்டுவிட்டுப் போனார்.

வீட்டில் சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை. என் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு என் எதிரில் வந்து நின்றாள்.

"அவர் மன்னிப்புக் கேட்டாராம். இவர் மன்னிச்சாராம்." பிறகு அவள், "நாளைக்கே போய்ச் சொல்லிடுங்க. நானும் வர்றேன். எழுதினது நான்," என்றாள்.

நாளைக்கு என்றேன். மறுநாள் பள்ளியில் பாராட்டு விழா. எட்டுப் பிள்ளைகளும் மேடையில். அதற்கு மறுநாள் பட்டாசின் அம்மா வீடு வீடாக அந்தப் படத்தைக் கொடுத்துக்கொண்டிருந்தாள். இவர்கள் கையிலிருந்து கோப்பையைப் பிடுங்குவதா என்று நினைத்தேன். பிள்ளைகளுக்காகத்தான் பேசாமல் இருக்கிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். எட்டுப் பிள்ளைகளைக் காட்டி ஒன்பதாவதை மறைத்தேன். இப்படியே மூன்று வாரம் ஓடிவிட்டது.

நான்காவது வாரம் ஒரு புகார் வந்தது. கீழ்த்தளத்தில் லிஃப்ட் கதவு மூடவில்லை, திறந்து திறந்து மூடுகிறது. முகவரியைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. அவளுடைய சேர்க்கைப் படிவத்தில் இருந்த அதே கட்டடம். நான்காவது மாடி. வேறு ஆளை அனுப்ப முடியுமா என்று கேட்டுப் பார்த்தேன். முடியாது என்றார்கள்.

போய்ப் பார்த்தால் பெரிய கோளாறு ஒன்றும் இல்லை. கதவு ஓடுகிற பள்ளத்தில் ஒரு சட்டைப் பொத்தான். அதைக் குறடால் எடுத்துக்கொண்டிருந்தபோது வாசலில் காலடி கேட்டது. பள்ளிக்கூடப் பையோடு நிதானம் வந்தாள். வாசற்படி மூன்றையும் ஒரே தாவலில் தாண்டினாள். அவள் தாவி நான் பார்த்ததில்லை. தாவி நின்று, நிமிர்ந்து, என்னைப் பார்த்தாள்.

உடனே இடது காலை இழுத்து நொண்டினாள்.

யோசித்துச் செய்யவில்லை. என்னைக் கண்டதும் அந்தக் கால் தானாக அப்படி ஆயிற்று.

"வேணாம்மா," என்றேன். "இனிமே அப்படி நடக்க வேணாம்."

"பரவாயில்ல மாஸ்டர். பழகிடுச்சு." சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "மேல் வீட்டு அக்காவுக்குப் பட்டாசை நல்லாத் தெரியும். பாத்தாங்கன்னா?"

"அப்பா பேசுறாரா?"

"பேசுறாரே. சாப்டியான்னு கேக்குறார்." பையின் வாரை இழுத்துவிட்டுக்கொண்டு, "ஹார்ன் அடிக்கிறது இல்ல. நான் இப்ப அங்க இல்லைல்ல," என்றாள்.

நான் எழுந்து நின்றேன். முழங்கால் வலித்தது. "நான் மேல வந்து அவர்கிட்ட எல்லாத்தையும் சொல்லிடறேன்."

அவள் முகம் வெளிறிவிட்டது. "வேணாம் மாஸ்டர்! கப்பைத் திருப்பி வாங்கிடுவாங்க. அவங்கல்லாம் அழுவாங்க. நான்தான் யார்கிட்டயும் சொல்லலையே."

"லிஃப்ட் சரியாயிடுச்சு. ஏறு, சேர்ந்து போவோம்."

"நான் படியில வர்றேன்," என்றாள்.

ஏறத் தொடங்கினாள். ஒரு கால் அழுத்தமாக, ஒரு கால் இழுத்து. ஒவ்வொரு படியாக, முதல் வளைவு வரைக்கும். வளைவில் திரும்பி நான் பார்க்கிறேனா என்று பார்த்தாள். சுவருக்குப் பின்னால் மறைந்தாள். அடுத்த நொடி மேலேயிருந்து தடதடவென்று சத்தம். இரண்டிரண்டு படியாகத் தாவி ஓடுகிறாள். எனக்கு முன்னால் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்து என்னைத் தடுக்கத்தான் அந்த ஓட்டம். இரண்டு வருடமாக ஓடு, ஓடு என்று தொண்டை வற்றக் கத்தியிருக்கிறேன். அவள் எவ்வளவு வேகமாக ஓடுவாள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

நான் லிஃப்டில் ஏறி நான்கை அழுத்தினேன். லிஃப்ட் முந்திவிட்டது.

அவர் சீருடைச் சட்டையைக் கழற்றிக்கொண்டே கதவைத் திறந்தார். "மாஸ்டர்! வாங்க, உள்ள வாங்க," என்றார். நான் உள்ளே போகவில்லை. வாசலில் நின்றபடியே சொன்னேன். வலை அறையில் சொன்னது, எடை மணி, கெட்டிக்காரி, இடது என்று சொன்னது, எல்லாவற்றையும். "அவ உங்களைப் பாத்துப் பயப்படல சார். நான் சொன்னதைச் செஞ்சா. என்னைக் காட்டிக் கொடுக்கல. அவ்வளவுதான்."

பாதியில் அவள் வந்துவிட்டாள். படியின் மேல் முனையில் கைப்பிடியைப் பிடித்து, மூச்சு வாங்க நின்றாள். அப்பாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். இடது கால் மெல்ல மேலே எழும்பியது.

"காலைக் கீழ வைம்மா," என்றார் அவர்.

வைத்தாள்.

கோப்பையை நானும் மனைவியும் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்தது, எட்டுத் தாய்மார்கள் என்னை நடுத்தெருவில் நிறுத்திக் கிழித்தது, விசிலை நான் பெட்டியில் போட்டுப் பூட்டியது எல்லாம் பிறகு நடந்தவை. அவை எதுவும் எனக்கு உறைக்கவில்லை. உறைத்தது அவர் கேட்ட ஒரு கேள்விதான்.

அவர் அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கழற்றிய சட்டையை மடித்துக் கையில் போட்டுக்கொண்டார். பிறகு கேட்டார்:

"இவ எப்படி ஆடுவா மாஸ்டர்?"

"சர்வீஸ் போட்டா ஒண்ணுகூடத் தப்பாது சார். பத்துக்குப் பத்து. எங்க அணியில வேற யாருக்கும் அது வராது."

அவர் மகளைத் திரும்பிப் பார்த்தார். அவள் தலை குனிந்துகொண்டாள். போன வாரம்தான் அவளுக்குப் பதின்மூன்று முடிந்திருந்தது.

"எனக்குத் தெரியாதே," என்றார். "வண்டியில போறப்ப எட்டிப் பார்ப்பேன். ஒவ்வொரு தடவையும் பந்து பொறுக்கிட்டு இருந்தா."